ஒலிபெருக்கியில் தங்கச்சியின் பெயர்

நம் ஊரில் நம் வயதுக்காரர் யாரிடமாவது "வெளிச்சம் பாக்கப் போன" கதை ஒன்று கேளுங்கள். நிச்சயமாக அம்பாறைக்கு, சிங்களவர்களின் புத்தர் பெருநாளான வெசாக் பார்க்கப் போன கதைதான் வரும். இப்போது பெருநாள் வந்தால் நம் கடற்கரையிலேயே மரத்துக்கு மரம் மின்குமிழ்களைச் சுற்றிவிடுகிறார்கள். பிள்ளைகள் நாலு படம் எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் முடிந்ததும் வீட்டுக்குப் போவோம் என்கிறார்கள். நமக்கு அப்படியில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே வேனில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை பிடிப்போம். முப்பதைத் தாண்டி நாற்பதை எட்டிப் பார்க்கிற நாம் அந்த ஜன்னல் ஓரத்தை இன்னும் மறக்கவில்லை. நான் சொல்லப் போவதும் அப்படியொரு கதைதான். ஆனால் இதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு அப்போது சாய்ந்தமருதில், கடலிலிருந்து மூன்றாவது வளவு. வாப்பா ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். எந்த வெயிலிலும் அவருடைய கை குளிர்ந்திருக்கும். காய்ச்சல் வந்தால் மகள்மார் இரண்டு பேரும், நானும் தங்கச்சியும், அந்தக் கைக்குச் சண்டை பிடிப்போம். மீன் ஏற்ற வருகிற சிங்கள லொறிக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். உம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. வாப்பாவின் தம்பியான சாச்சாவிடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் இருந்தது. வெசாக்குக்கு அந்த வேனில்தான் போவோம்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் காரைதீவுச் சந்தி, சம்மாந்துறை, அதற்கு அப்பால் இரு பக்கமும் வயல். சிறுபோகப் பயிர் கணுக்கால் உயரத்தில் நிற்கும். ஜன்னலால் சேற்று வாசம் வரும். உம்மா மடியில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிய பொட்டலம் இருக்கும். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்து மறுபக்கம் ஏறுவோம். அம்பாறைக்குள் நுழையும்போது பொழுது சாய்கிற மஃரிபு நேரம் சரியாக இருக்கும்.

குளக்கட்டுக்குக் கீழே இருந்த பூங்காவில்தான் தோரணம் கட்டுவார்கள். இரண்டு தென்னை உயரம் இருக்கும். நடுவில் ஒரு ராசா, சுற்றிவரச் சின்னச் சின்னப் படங்கள், படங்களைச் சுற்றி ஆயிரம் குமிழ்கள். பச்சை எரிந்து அணையும், சிவப்பு எரியும், பிறகு எல்லாம் சேர்ந்து வட்டமாக ஓடும். ஒலிபெருக்கியில் ஒருவர் கதையைச் சிங்களத்தில் பாட்டாகச் சொல்வார். எங்களுக்கு விளங்காது. சாச்சா தன் பாட்டுக்கு ஒரு கதை கட்டுவார். "அந்த ராசா கறிக்கி உப்பு இல்ல எண்டு பொண்டாட்டியோட கோவிச்சிக்கிட்டுக் காட்டுக்குப் போறார்" என்பார். வெகுகாலம் நான் அதை நம்பினேன்.

கடல் வருவதற்கு முந்திய வெசாக்கில் தங்கச்சிக்கு நாலு வயது. நடக்கும்போது கீச் கீச்சென்று சத்தம் போடுகிற சப்பாத்து போட்டிருந்தாள். வாப்பாவின் தோளில் ஏறி இருந்தபடி, "வெளிச்சம் எங்க ஓடுது வாப்பா?" என்று கேட்டாள். 

"சாப்பாட்டுக்கு ஓடுது" என்றார் வாப்பா. 

"அப்ப திரும்பி வருமா?" 

"வரும், வரும்."

தன்சல் என்கிற தானப் பந்தலில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சர்பத்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் இலவசம். உம்மா இரண்டு கையாலும் சர்பத் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தங்கச்சியைக் காணவில்லை. அந்தச் சனத்துக்குள், அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள், கீச் கீச் சப்பாத்தை எங்கே கேட்பது? உம்மாவின் கையிலிருந்த சர்பத் என் தலையில் ஊற்றுண்டது மட்டும் ஞாபகம். வாப்பா ஒரு பக்கம், சாச்சா ஒரு பக்கம் ஓடினார்கள். கால் மணி நேரம் இருக்கும். திடீரெனப் பாட்டு நின்றது. பூங்காவின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரே நேரத்தில், "உம்மோ!" என்று தங்கச்சியின் குரல் கேட்டது.

அறிவிப்புக் கூடாரத்தில் ஒரு வயதான சிங்களப் பள்ளிக்கூட மாஸ்டர் இருந்தார். வெள்ளைச் சாரமும் நீளக்கைச் சட்டையும். பேர் கேட்டால் பிள்ளை வாய் திறக்கவில்லையாம். அதனால் மைக்கை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் மேசையில் கால்களை ஆட்டிக்கொண்டு வேபர்ஸ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முழுப் பூங்காவும் சிரித்தது. உம்மா மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அன்று பூங்காவில் இருந்த ஓர் ஆனை உருவத்துக்கு முன்னால் நின்று நாலு பேரும் ஒரு படம் எடுத்தோம். அந்தப் படத்தையும் கடல்தான் வைத்திருக்கிறது.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு மதிலின் மேல், ஏதோ ஒரு மாடியில் நின்றவர்கள்தான். நான் பிரதான வீதிக்கு அப்பால் டியூசனில் இருந்தேன். வாப்பா தொழிற்சாலையின் கூரையில் இருந்தார். உம்மாதான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உம்மாவைத் தண்ணீர் ஒரு மாமரத்தில் கொண்டுபோய் வைத்தது. அப்போது அவளுடைய கையில் பிள்ளை இல்லை.

அகதியாக நாங்கள் இருந்த பள்ளிக்கூடத்தில், காலில் தையல் போட்டுக் காய்ச்சலோடு கிடந்த உம்மாவிடம் யாரோ ஒரு பெண் சொல்லிவிட்டாள்: காயப்பட்ட பிள்ளைகளை லொறியில் ஏற்றி அம்பாறைக்குக் கொண்டுபோனார்கள், ரோஸ் சட்டை போட்ட சின்னப் பிள்ளை ஒன்றும் இருந்தது என்று. அன்றிலிருந்து உம்மா அந்த ஒரு கதையைத்தான் கதைத்தாள். "அம்பாறையிலதான் இரிக்கா. ஆரோ வெச்சி வளக்கிறாங்க. அவக்குப் பேரு சொல்லத் தெரியா, அதான்." வாப்பா தேடப் போனார். ஆசுபத்திரிக்கும் போனார், அகதி முகாம்களுக்கும் போனார். மூன்று நாள் போய்வந்தார். பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினார். இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் அள்ளுகிற வேலை.

எங்களுக்கு வயல் ஓரத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு குடில் கிடைத்தது. உம்மா முற்றத்துக்குக்கூட வரமாட்டாள். வெசாக் வந்தது. ஒரு காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த முறையும் வெளிச்சம் பாக்கப் போவம்."

வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அப்போது அங்கே இருந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை. "என்ன புள்ள கதைக்கிறாய்? புள்ள மவுத்தாகி ஆறு மாசமும் ஆகல்ல. அதுக்குள்ள அவங்கட பெருநாளைக்கி வெளிச்சம் பாக்கப் போறியா? ஊருல என்ன சொல்லுவாங்க?"

"ஆரு மவுத்து?" என்றாள் உம்மா.

வாப்பா தேத்தண்ணியைப் பார்த்தபடி இருந்தார். "போவம்" என்றார். 

எனக்குச் சந்தோசமாக இருந்தது. சந்தோசப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. வாப்பாவுக்கு ஈரமே இல்லையோ என்றுகூட நினைத்தேன். பத்து வயதில் ஆட்களை அளக்க நம்மிடம் வேறு என்ன படி இருந்தது?

பூங்கா அதே பூங்காதான். ஜெனரேட்டர் புகையும் அவித்த கிழங்கு வாசமும் அதேதான். தோரணத்தில் வேறொரு ராசா. சனமெல்லாம் அண்ணாந்து வெளிச்சத்தைப் பார்க்க, உம்மா வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்து நின்றாள். தோளில் இருந்த பிள்ளைகள், கையில் இருந்த பிள்ளைகள், ஒவ்வொரு முகமாக அவளுடைய கண் போனது. முகங்களின் மேல் பச்சையும் சிவப்பும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. அம்பாறைப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருகிற ஒரே இடம் அது என்று உம்மா கணக்குப் போட்டிருந்தாள். தொலைத்த பிள்ளை திரும்பக் கிடைத்த இடமும் அதுதானே.

பிறகு வாப்பாவின் கையைப் பிடித்து அறிவிப்புக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனாள். "கேளுங்க. புள்ளட பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க." அதே மாஸ்டர்தான். வாப்பா குனிந்து அவரிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ கதைத்தார். மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டை நிற்பாட்டிவிட்டு மைக்கை எடுத்தார். எனக்கு விளங்காத பேச்சுக்கு நடுவே தங்கச்சியின் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. முழுப் பெயர், வாப்பாவின் பெயரோடு சேர்த்து. சனம் சட்டென்று அமைதியானது. சிலர் தலை குனிந்தார்கள். எல்லாரும் காலடியில் குனிந்து தேடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். நானும் குனிந்து தேடினேன்.

யாரும் வரவில்லை. அரை மணி நேரம் அந்தக் கூடாரத்தடியில் நின்றோம். மாஸ்டர் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் செய்தார். திரும்பி வரும்போது உம்மா அழவில்லை. ஒரு பெரிய வேலையை முடித்தவள் போல வேனில் நித்திரையாகிப் போனாள்.

அடுத்த வருடமும் போனோம். மாஸ்டர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே எழும்பி நின்றார். வாப்பா வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. அதற்கடுத்த வருடம் காட்டுப் பக்கம் சண்டை, பாதை சரியில்லை என்று போகவில்லை. அந்த வருடம் முழுக்க உம்மாவுக்கு ஒரே தலையிடி. பிறகு ஒரு முறை போனோம். எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் தங்கச்சியின் பெயரை யாரும் எடுப்பதில்லை. உம்மாவுக்கு நோகும் என்று வாப்பா எடுக்கமாட்டார். வாப்பா எடுக்காததால் நான் எடுக்கமாட்டேன். மாமி வந்தால்கூட "அந்தப் புள்ள" என்பாள்.

நாட்டில் பல வருடச் சண்டை முடிந்த வருடம் எனக்குப் பதினைந்து வயது. அந்த முறை வெசாக் நேரம் உம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் அடுத்த மாதம் வருகிற பொசன் பெருநாளுக்குப் போனோம். அந்த வருடம் பொசனுக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. வழி நெடுகக் கொடிகள். எத்தனையோ வருடமாக எங்களை இறக்கி நடக்கவிட்ட சாவடியில் ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டு, "போங்க, போங்க" என்று தமிழில் சொன்னான். சாச்சா நம்பாமல் வேனை நிற்பாட்டியே வைத்திருந்தார். பூங்காவில் பட்டாசு. சனம் சிரித்துக்கொண்டு இருந்தது. எனக்கும் எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது.

கூடாரத்தில் மாஸ்டர் இல்லை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் மைக்கோடு நின்றான். வாப்பா ஒரு கணம் தடுமாறினார். அவனிடம் போய்ச் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். இங்கேதான் ஒன்றை வாப்பா மறந்துவிட்டார். மூன்று வருடமாக நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறேன் என்பதை.

பொடியன் பேனையை எடுத்துக்கொண்டு கேட்டான்: "பிள்ளை எப்போது தொலைந்தது? என்ன நிறச் சட்டை?"

"இல்லை தம்பி, தொலையவில்லை. பிள்ளை உயிரோடு இல்லை. கடல் வந்தபோது இறந்துவிட்டது. நான்தான் என் கையால் அடக்கினேன்."

பொடியனின் பேனை நின்றது. வாப்பா அதே தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "என் மனைவிக்குத் தெரியாது. தேடிக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாஸ்டர் என்ன செய்வார் என்றால், பாட்டை நிற்பாட்டி, கடல் கொண்டுபோன இந்தப் பிள்ளையை எல்லாரும் ஒரு நிமிடம் நினையுங்கள் என்று பேரைச் சொல்லுவார். அவ்வளவுதான். மாஸ்டர் எங்கே?"

"சேருடைய மகன் இராணுவத்தில் இருந்தார்" என்றான் பொடியன். "போன மாதம் பெட்டியில் கொண்டுவந்தார்கள். சேர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை."

வாப்பா மேசையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் உம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். பொடியன் பாட்டை நிற்பாட்டினான். பட்டாசு கொளுத்துகிறவர்களைக் கையைக் காட்டி நிற்பாட்டச் சொன்னான். முதலில் மாஸ்டருடைய மகனின் பெயரைச் சொன்னான். பிறகு தங்கச்சியின் பெயரைச் சொன்னான். "பிள்ளைகள் இருவருக்காகவும்" என்றான். அந்தச் சனம் தலை குனிந்ததை அன்றுதான் நான் விளங்கிப் பார்த்தேன்.

வேனில் நான் வாப்பாவின் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது, அடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் வாப்பா வேலைக்குப் புறப்பட்டபோது பின்னாலேயே போய் வேலியடியில் மறித்தேன். "நேத்து நீங்க சொன்னது எனக்கு விளங்கிச்சி" என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மூணாம் நாள் பின்னேரம் தோணா ஓரத்துல கிடைச்சா" என்றார். தோணா என்பது ஊருக்குள்ளால் கடலுக்கு ஓடுகிற வாய்க்கால், உங்களுக்குத் தெரியும். "ஒங்கட உம்மா அப்ப காய்ச்சல்ல கிடக்கா. அம்பாறையில இரிக்கா, இரிக்கா எண்டு கதைச்சிக்கிட்டே கிடக்கா. நான் எப்பிடிச் சொல்ற? காய்ச்சல் விடட்டும் எண்டு பாத்தன். கால் ஆறட்டும் எண்டு பாத்தன். பொறவு சொல்ல ஏலாமப் போயிட்டு மகள். தேடுறத்துக்கு ஒண்டும் இல்லாட்டி அவ எழும்பமாட்டா."

அவர் போன பிறகு நான் குசினிக்குள் வந்தேன். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "வேலியடியில என்ன கதை?"

"ஒண்டுமில்ல."

"வாப்பா சொல்லிட்டாரா?"

உம்மா வெங்காயத்தைச் சுளகில் வைத்தாள்.

"மூணு நாள் சோறு தண்ணி இல்லாமத் தேடின மனுசன். நாலாம் நாள் தேடப் போகல்ல. சும்மா குந்திக்கிட்டு இரிந்தார். புள்ளயக் காணாத ஒரு வாப்பா அப்பிடிக் குந்துவாரா? எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப என்னத்துக்கு உம்மா ஒவ்வொரு வருசமும் அங்க போன?"

"முதல் வருசம் தெரிஞ்சிக்கிட்டும் தேடினன். மனசு கேக்கல்ல. அங்க நிண்டு பாத்தா, அவ்வளவு சனத்துக்கும் கேக்க புள்ளட பேரச் சொல்லுறாங்க. இந்த வீட்டுல ஆரு சொல்லுறீங்க? நீ சொன்னியா? அவர் சொன்னாரா?" அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு எனக்கு ஒளிக்கிறத்துக்குப் பட்ட பாட்ட நான் எப்பிடி உடைக்கிற? தெரியும் எண்டு சொன்னா மனுசன் உடைஞ்சி போயிருவார்."

இருவரும் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு ஐந்து வருடம் நடந்திருக்கிறார்கள். யார் பாரம், யார் தோள் என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்தார். உம்மா சோறு போட்டாள், மீன் துண்டை வைத்தாள், அவர் இரண்டு வாய் தின்னும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்: "புள்ளய எங்க வெச்சிங்க?"

வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று. உம்மா அவருடைய தோளில் கையை வைத்தாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். வாப்பா அழுத சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பலகைச் சுவர், எல்லாம் கேட்கும்.

அசருக்குப் பிறகு மூன்று பேரும் நடந்தோம். பிரதான வீதியைக் கடந்து, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையால். கடல் வந்த நாளுக்குப் பிறகு உம்மா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கடற்சத்தம் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் நிற்கவில்லை. மவுத்தானவர்களை அடக்குகிற மையவாடியின் மதில் அரை ஆள் உயரம். பெண்கள் உள்ளே போவதில்லை, நானும் உம்மாவும் மதிலுக்கு வெளியே நின்றோம். வாப்பா மட்டும் உள்ளே போய், தெற்கு மூலையிலிருந்து எட்டடி எடுத்துவைத்து, ஒரு இடத்தில் நின்றார். மற்ற இடமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. அந்தத் துண்டு மட்டும் கையால் புல் பிடுங்கித் துப்புரவாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வாப்பா ஏன் பிந்தி வருகிறார் என்று நான் கேட்டதேயில்லை.

உம்மா மதிலில் இரண்டு கையையும் வைத்து அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, நாங்கள் நடந்து வந்த ஒழுங்கையைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கால் மணி நடைகூட இல்லை.

"இவ்வளவு கிட்டயா?" என்றாள்.

உம்மா மதிலுக்கு மேலால் குனிந்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஸலாம் சொன்னாள். பிறகு தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். அதைக் கேட்டு வாப்பாவும் மெதுவாகச் சொன்னார். நானும் சொன்னேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே நின்று, அவளைப் பற்றி மூன்று பேரும் கதைத்துக்கொண்டிருந்தோம்.